வெயிலில் நின்றால் எடுக்காத விடெக்

கேள்வி: என்னிடம் 2002 ஹோண்டா சிட்டி விடெக் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில் வாங்கியது, ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடும். மதியம் மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் எடுக்காது. கதவைத் திறந்துபோட்டு அரை மணி நேரம் கழித்து அடித்தால் எடுத்துக்கொள்ளும். பம்ப், பிளக், பேட்டரி மூன்றும் மாற்றியாச்சு. அடுத்து என்ன மாற்றுவது அண்ணே?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: ஒன்றையும் மாற்றாதீர்கள் தம்பி. நீங்கள் திறந்தது பானெட்டை இல்லை, கதவை. அப்போ சூட்டில் மக்கர் செய்கிற சாமான் காருக்குள்ளேதான் இருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு டப்பா இருக்கும், மெயின் ரிலே என்பார்கள், பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடுவது அதுதான். இருபது வருஷ வெயிலில் விரிந்து சுருங்கி, உள்ளே பலகையில் வைத்த ஈயப்பற்று விட்டுப்போகும். அந்தக் கால ஹோண்டாக்களில் உலகம் முழுக்கப் பார்க்கிற கோளாறு இது.

மறுபடி மக்கர் செய்யும்போது ஏசி ஃபேனை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி பம்ப் முனக வேண்டும். சத்தமே இல்லையா, ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பலகையில் பற்றவைத்திருக்கும் கம்பிக்காலை (பின்) சுற்றித் தலைமுடி அளவு ஒரு வட்ட விரிசல் தெரியும். டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்துத் தருவார். நான் இப்படிச் சரிசெய்த ரிலே ஆறாவது சித்திரையைத் தாண்டிவிட்டது. பம்ப் முனகியும் எடுக்கவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், பொறிக்கான கரண்ட்டை உண்டாக்குகிற காயிலையும் இக்னைட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவும் சூட்டில் கைவிடுகிற ஜாதிதான்.

கேள்வி: என்னுடையதும் அதே கார்தான். சூடு ஏறக்கூடாது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். மைலேஜ் குறைந்துவிட்டது. அதிகாலையில் கொடைக்கானல் கிளம்பினால் ரொம்ப தூரத்துக்கு விடெக் இழுவையே வருவதில்லை.
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இன்றைக்கே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை (குளிர்விக்கும் தண்ணீரை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாமல் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும். இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை அதிகமாக ஊற்றும். விடெக் என்பது இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வைக் கூடுதலாகத் திறந்து இழுவை தருகிற அமைப்பு. அதுவும் ஆர்பிஎம் (சுற்று வேகம்) ஏறினால் மட்டும் வேலை செய்யாது, கூலன்ட் சூடும் ஆயில் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். கார் உண்மையிலேயே ஓவர்ஹீட் ஆனதென்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பார்த்திருக்க வேண்டும். போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும், கழுவிவிட்டுக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, கூலன்ட் ஓடுகிற பாதையில் சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். அப்புறம், இரண்டு பேருமே வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கிற ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும், அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும். எப்போது மாற்றியது என்று பில் கையில் இல்லாவிட்டால், மாற்றாமல் மலை ஏறாதீர்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், ஒரே கூலியில் முடிந்துவிடும்.