வட்டத்துக்குள் வண்ணப் பாடம்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். மண்டலா (வட்டத்துக்குள் ஒரே வடிவம் சுற்றிச் சுற்றி வரும் ஓவியம்) வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லா வண்ணத்தையும் அப்பிவிடுகிறார்கள். என்ன செய்ய?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வண்ணப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் கொடுங்கள் அம்மணி. காம்பஸில் வட்டம் போட்டு 30 பாகைக்கு ஒரு கோடு இழுத்தால் 12 பங்கு. நான்கு பங்குக்கு ஒன்றாக அந்த மூன்றையும் தீட்டிவிட்டு, இடையில் வருவதையெல்லாம் அவர்களே கலக்கட்டும். மஞ்சளில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை பிறப்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

அப்புறம் எதிரெதிர்ப் பங்குகளைக் காட்டுங்கள். சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும், கலந்தால் மங்கிவிடும். நம்ம பவானி ஜமுக்காளம் ஒன்றை வகுப்பில் விரித்துப் போட்டு, எந்தப் பட்டை முதலில் கண்ணில் படுகிறது, ஏன் என்று கேளுங்கள்.

டிசைனுக்கு, நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஒரு பங்கில் மஞ்சள் செடியின் இலையோ முருங்கை இலையோ வரைந்தால் மற்ற 11 பங்கிலும் அதுவே. கை தவறி ஒரு கோடு கூடிவிட்டதா? சரி, அழிக்க வேண்டாம், எல்லாப் பங்கிலும் அந்தக் கோட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் இடத்தைத் தீட்டாமல் வெள்ளையாகவும் விடட்டும்.