பஃப் ஸ்ப்ரே வேலையும் ராத்திரி இருமலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. கோவைப் பக்கம் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் தகர ஷெட் கூரைகளுக்கும் பஃப் ஸ்ப்ரே, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை, அடிக்கிறார். மூன்று வருடமாக இதே வேலைதான். நாலைந்து மாதமாக ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சு இறுக்குகிறது என்கிறார். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் ஒன்றுமே இல்லை. டாக்டர் அலர்ஜி என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். துணி மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்கிறார். பெரிதாக நெடி ஒன்றும் இல்லை, அதனால் பயமில்லை என்கிறார். இன்ஹேலரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் மிக முக்கியமானது அந்தத் தீபாவளி பத்து நாள்தான். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்துச் சொல்லுங்கள். வேலைக்குப் போனால் வருகிறது, லீவில் போய்விடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேலையைத்தான்.

உங்கள் கணவரிடம் இரண்டு டிரம் இருக்கும். ஒன்றில் பாலியால் என்ற திரவம், இன்னொன்றில் பழுப்பு நிறத்தில் ‘ஐசோ’. இரண்டும் கலந்துதான் நுரையாகிறது. இந்த ஐசோ என்பது எம்டிஐ என்ற ரசாயனம், டைஐசோசயனேட் வகையைச் சேர்ந்தது. டிரம்மில் சும்மா இருக்கும்போது அது அதிகம் ஆவியாகாது. ஆனால் சூடாக்கி, அழுத்தம் கொடுத்து, கன் வழியாக அடிக்கும்போது பொடித் துளிகளாகக் காற்றில் பரவுகிறது. வேலை முடிந்து வரும்போது அவர் புருவத்திலும் முன்கை முடியிலும் ஒட்டியிருக்கும் மஞ்சள் துகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவது அது. அதைவிடச் சிறியது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

நெடி இல்லை என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. அமெரிக்கச் சட்டப்படி வேலையிடக் காற்றில் எம்டிஐ எந்த நேரத்திலும் 0.02 பிபிஎம்-ஐ (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது. அது மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் இதைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். வாசனை தெரிகிற நேரத்தில் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது வருகிற மீன் கவிச்சி போன்ற நெடி பெரும்பாலும் பாலியால் டிரம்மில் கலந்திருக்கும் அமீன் என்ற ரசாயனத்துடையது. சாயங்காலம் விளக்கைச் சுற்றி நீல வளையம் தெரிந்து கண் மங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் அமீன் வேலைதான். அது சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஐசோ செய்வது அப்படிப் போய்விடாது.

சிலருடைய உடம்பு ஐசோவை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. சிலருக்கு வாரங்களில், சிலருக்குப் பல வருடம் கழித்து. தோலில் பட்டுக்கொண்டே இருந்தாலும் இது நேரலாம். ஒரு முறை பதிவாகிவிட்டால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத துளி அளவே அவருக்கு இளைப்பைக் கொண்டுவரும். சுவாசித்த உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரும். பகலில் அடித்தது ராத்திரி எழுப்புவது அதனால்தான். வேலையிடத்தில் நன்றாக இருந்தேனே என்று அவரும் நம்பிவிடுகிறார், டாக்டரும் வீட்டுத் தூசியைத் தேடுகிறார்.

போபாலில் 1984-இல் கசிந்ததும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். அது மெத்தில் ஐசோசயனேட். குடும்பம் ஒன்று, பொருள் வேறு. ஆனால் இதிலும் உயிர் போயிருக்கிறது. எம்டிஐ ஸ்ப்ரே வேலையில் ஆஸ்துமாவும் மரணமும் நேராமல் தடுக்க என்றே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2006-இல் தனி எச்சரிக்கை வெளியிட்டது.

சரி, இப்போது என்ன செய்வது? மருந்துக் கடையில் பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகபட்ச எண்ணைக் குறிக்க வேண்டும். எழுந்ததும், மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு வேளை, இன்ஹேலர் எடுப்பதற்கு முன்னால். ராத்திரி எழுந்தால் அப்போதும். பக்கத்திலேயே அன்று என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து நாலு வாரக் கணக்கு இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஒரே நாளுக்குள் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கினால் ஆஸ்துமா என்ற சந்தேகம் வலுக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதால் இது இல்லை என்று ஆகிவிடாது, பலருக்கு வருவதில்லை.

அளக்கும் நாட்களில் அவர் வேலைக்குப் போகலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை கன்னைத் தொட வேண்டாம். துணி மாஸ்க் இதற்கு ஒன்றுமே இல்லை, என்95-ம் போதாது. ஸ்ப்ரே அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முழு முகக் கவசம் வேண்டும். மூடிய குளிர் அறைக்குள் இதில் சமரசமே கிடையாது. ஹோஸ் பிடிக்கும் ஹெல்பருக்கும் இதேதான்.

ஐசோவால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால், என் பதில் ஒளிவுமறைவில்லாதது: தொடரக் கூடாது. இன்ஹேலர் இளைப்பை அடக்கும், ஆனால் உடம்பு ஐசோவை மறக்காது. சீக்கிரம் விலகியவர்களுக்குத்தான் நுரையீரல் மீளும் வாய்ப்பு அதிகம். இந்த வேலையில்தான் வீடு ஓடுகிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதே கம்பெனியில் ஸ்ப்ரே நடக்கும் இடத்துக்கே வராத வேலை கேட்டுப் பாருங்கள். முதலாளியிடம் போகும்போது மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கே காட்டி, என்ன ரசாயனத்தில் வேலை என்பதைச் சீட்டில் எழுத வையுங்கள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஐசோசயனேட் நச்சு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இடம் பெற்றது. எழுத்தில் இருந்தால்தான் பின்னால் உதவும்.

அப்புறம், அவருடைய வேலைத் துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ஒரு ராத்திரி இன்ஹேலர் எடுத்தும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வருகிறவர்களிடம் ஐசோ வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள்.