குடல் வெளியே சரிந்து பிறந்த குழந்தை: அனுப்புவதற்கு முந்தைய அரைமணி நேரம்

கேள்வி: சிறிய பிரசவ நிலையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். போன மாதம் குடல் வயிற்றுக்கு வெளியே சரிந்த நிலையில் ஒரு குழந்தை பிறந்தது. ஈரத்துணி சுற்றி, ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைக்கவில்லை. அறுவை அரங்கம் இல்லாத எங்களால் வேறென்ன செய்திருக்க முடியும்?

பதில்: ஈரத்துணி சுற்றியதை அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது, பழைய பாடநூல்கள் அப்படித்தான் கற்றுத்தந்தன. ஆனால் ஈரம் ஆறும்போது குழந்தையின் சூட்டை இழுத்துக்கொள்ளும், உலர்ந்தால் குடலில் ஒட்டும்.

இந்தக் குறைபாட்டின் பெயர் கேஸ்ட்ரோஸ்கிசிஸ். தொப்புளுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம் உள்ள திறப்பின் வழியே, சவ்வு எதுவும் மூடாமல் குடல் வெளிவந்திருக்கும். 2021இல் லான்செட் இதழில் வந்த, 74 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வில், பணக்கார நாடுகளில் இக்குழந்தைகளில் இறந்தவர்கள் 1.4 சதவீதம், ஏழை நாடுகளில் 90 சதவீதம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அறுவை அரங்கை அடையும் முன்பே குளிரிலும் நீரிழப்பிலும் கிருமித் தொற்றிலும் உயிர் கரைகிறது. அவற்றைத் தடுக்க உங்களால் முடியும்.

சுத்தமான, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பை ஒன்றை எடுங்கள். கால்கள் முதலில் போகும்படி குழந்தையை அதற்குள் இறக்கி, அக்குள் வரை பையை ஏற்றித் தளர்வாகக் கட்டுங்கள். ஈரமும் சூடும் உள்ளேயே தங்கும். குடலின் நிறமும் கண்ணுக்குத் தெரியும். குழந்தையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, குடல் ஒரு பக்கம் தொங்காதபடி சுருட்டிய துணியால் தாங்குங்கள். தொங்கினால் அதன் ரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். குடல் கறுத்தால் முதலில் நிலையைச் சரிசெய்து பாருங்கள். நிறம் திரும்பவில்லையென்றால் மருத்துவமனையை உடனே தொலைபேசியில் அழையுங்கள். பைக்கு மேல் போர்வை, தலைக்குத் தொப்பி. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும்.

வாய் வழியே இரைப்பைக்குள் குழாய் செலுத்தி, உள்ளதை உறிஞ்சிவிட்டு, முனையைத் திறந்தே வையுங்கள். காற்று நிரம்பி வீங்கிய குடலை உள்ளே தள்ளுவது மிகக் கடினம். சிரை வழித் திரவம், நோய்நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, வைட்டமின் கே ஆகியவற்றையும் தொடங்கி, ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், எடையில் கிலோவுக்கு 2 மி.லி.

அங்கே போய்ச் சேர்ந்ததும் பெரிய அறுவை நடக்கும் என்றுதான் பெற்றோர் அஞ்சுவார்கள். பல இடங்களில் குடலைச் சிலோ என்ற பைக்குள் வைத்து, சில நாட்களில் சிறிது சிறிதாக உள்ளே இறக்குகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படுவதில்லை. அந்தப் பை கிடைக்காத மருத்துவமனைகளில் பெண்களுக்கான ஆணுறையையே சிலோவாக்கியிருக்கிறார்கள்.

தாயையும் உடன் அனுப்புங்கள். குழந்தைக்கு இப்போது வாய்வழி எதுவும் கூடாது. ஆனாலும் அன்றிலிருந்தே அவர் பாலைப் பீய்ச்சி எடுத்துவர வேண்டும். குடல் வேலைசெய்யத் தொடங்கும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.