'ஆர்.சி. வேண்டாம்' என்று விற்ற பேட்டரி வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு கறவை மாடு. சொசைட்டிக்கு ஊற்றியது போக மிச்சப் பாலைக் கேனில் எடுத்துக்கொண்டு கோபாலபுரம் வரை டீக்கடைகளுக்கு ஊற்றுகிறேன். இதற்காகக் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஆறு மாதம் முன்பு கோவை பக்கம் ஒரு கடையில் ரூ.82,000-க்கு மூன்று சக்கர பேட்டரி வண்டி எடுத்தேன். 'லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். போன வாரம் செக்போஸ்ட் அருகே நிறுத்தி இன்சூரன்ஸ் கேட்டார்கள். இரண்டு கம்பெனிகளில் விசாரித்தேன், வண்டி நம்பர் இல்லாமல் முடியாது என்றுவிட்டார்கள். ஒரு ஏஜென்ட், வேறு ஸ்கூட்டரின் சேஸிஸ் நம்பரைப் போட்டு பாலிசி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுத்துவிடலாமா? பில்லையும் மோட்டார் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த பாலிசியை எடுக்காதீர்கள். பொய்யான விவரம் கொடுத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதிட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவே கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. விபத்து நடந்தால் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. அதோடு மோசடி வழக்கும் உங்கள் தலையில் விழும். ஏஜென்ட் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

உங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீது கோபம் இருப்பது புரிகிறது. ஆனால் கோளாறு அவர்களிடம் இல்லை. நீங்கள் அனுப்பிய பில்லைப் பாருங்கள். 'பேட்டரி சைக்கிள் - 1' என்று ஒரே வரி. சேஸிஸ் நம்பர் இல்லை, மோட்டார் நம்பர் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ 1000 வாட் என்று இருக்கிறது. சைக்கிள் என்று பில் போட்டு மோட்டார் வாகனத்தை விற்றிருக்கிறார்கள்.

எல்லா பேட்டரி வண்டிக்கும் ஆர்.சி. வேண்டும் என்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(u) விதி சில வண்டிகளுக்கு விலக்கு தருகிறது. மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். இது போக இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. இவற்றையெல்லாம் அரசு அங்கீகரித்த பரிசோதனை நிறுவனம் சோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் பக்கத்தில் ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்றவைதான் அந்த நிறுவனங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது சான்று ஆகாது. 'தகட்டில் இருப்பது உச்ச திறன்தான், தொடர் திறன் குறைவு' என்று அவர் வாதாடலாம். அப்படியானால் சான்றை எடுத்துக் காட்டட்டும்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: சீட்டுக்கு அடியில் உள்ள ஒரு வயரைக் கடைக்காரரே பிடுங்கிவிட்டு, இனி முப்பத்தைந்து வரை போகும் என்றாராம். சான்று இருந்திருந்தாலும், அந்த வயரைப் பிடுங்கிய நொடியில் விலக்கு போய்விட்டது.

ஆக, இது சட்டப்படி மோட்டார் வாகனம். 146-ஆவது பிரிவுப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை ரூ.2,000, அடுத்த தடவை ரூ.4,000 அபராதம். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். ஆனால் நான் பயப்படுவது அபராதத்தை நினைத்து அல்ல. காலை ஐந்து மணி இருட்டில், பால் கேனோடு போகும்போது யாராவது குறுக்கே வந்து உயிர் போய்விட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும் உங்கள் பொறுப்பு. லட்சக்கணக்கில் வரும். வீடு, நிலம் வரைக்கும் ஜப்திக்குப் போகலாம்.

இந்த வண்டியையே சித்தூர் ஆர்.டி. அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். பதிவுக்குத் தயாரிப்பாளரின் மாடல் ஒப்புதல் சான்று, விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 எல்லாம் வேண்டும். ஒப்புதலே வாங்காத மாடலுக்கு இவை இருக்க வழியில்லை. ஒற்றை வண்டிக்காக நீங்கள் பரிசோதனை நிறுவனத்தில் ஏறி இறங்குவது கட்டுப்படியாகிற காரியமும் இல்லை.

அதனால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதில் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கிறது. விதிகளுக்குப் புறம்பான வண்டியை விற்கும் டீலருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182A பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பரிசோதனைச் சான்றின் நகலை 15 நாளில் தர வேண்டும், இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ரூ.82,000-ஐயும் கடன் வட்டியையும் தர வேண்டும் என்று எழுதுங்கள். 'எதுவும் வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரம் இருக்கிறது என்றீர்களே, அதை அழித்துவிடாதீர்கள். வழக்கில் அதுதான் உங்களுக்குப் பெரிய சாட்சி.

பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தின் 2(7) விளக்கம் சொல்கிறது. குடும்பஸ்ரீ கடன் புத்தகமும் சொசைட்டிப் பால் அட்டையும் அதை நிரூபிக்கும். வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு.

அடுத்து வாங்கும்போது ஒப்புதல் பெற்ற மின் சரக்கு வண்டியாகப் பார்த்து, படிவம் 21, 22 கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள். லைசென்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. உள்ள வண்டிக்கும் ஒரு கம்பெனி மூன்றாம் நபர் பாலிசி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குறிப்பிட்ட அளவு மூன்றாம் நபர் காப்பீட்டைச் செய்தே ஆக வேண்டும் என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 32D பிரிவு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் அசையவில்லை என்றால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 155255 எண்ணில் புகார் கொடுங்கள். பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பாலிசி தராமல் இழுத்தடித்தால் கொச்சியில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். பால் ஊற்ற வேறு ஏற்பாடு செய்வது சிரமம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மோட்டார் தகடு, பிடுங்கிய வயர், மீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 'சரிசெய்து தருகிறேன்' என்று கடைக்காரர் ஆள் அனுப்பினால், எழுத்தில் ரசீது வாங்காமல் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.