பெயர் எழுதித் தந்தேன்

அன்புள்ள ஐயா,

'மெய்யழகன்' பார்த்து அழுதேன். என் மகனோ, இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதில் என்ன இருக்கிறது என்று பாதியில் எழுந்து போய்விட்டான். நீங்கள் அண்மையில் என்னென்ன படங்கள் பார்த்தீர்கள்? பர்மாத் தமிழர்களாகிய நமக்கு அவற்றில் ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி, மோல்மீன்

அன்புள்ள அம்மா,

மகனைக் கோபிக்காதீர்கள். 2024-இல் படம் வெளியான சில நாட்களிலேயே, நீளம் என்ற குறைக்காகப் படக்குழுவினரே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'அத்தான், அத்தான்' என்று உருகும் உறவுக்காரனின் (கார்த்தி) பெயர் அருள்மொழிக்கு (அரவிந்த்சாமி) நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சம் முற்றுவதற்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும்.

எல்லோரும் அரவிந்த்சாமியின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள். நான் கார்த்தியின் இடத்தில் இருந்தேன். 1964-இல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு, சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறினார். அப்பா ரங்கூனிலேயே இருந்துவிட்டார். சித்தப்பா மகனுக்கு அப்போது நாலு வயது. 2013-இல் காரைக்குடியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தான். அவனுக்குத் தூளி கட்டிய உத்திரம், அவன் உருண்டு விழுந்து நெற்றியில் தழும்பு வாங்கிய படிக்கட்டு, எல்லாவற்றையும் காட்டினேன். மூன்று நாளும் 'அண்ணே' என்று வாஞ்சையாகத்தான் இருந்தான். புறப்படும்போது முகவரி குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்தவன், பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றான். என் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன்.

2025-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில், இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் தன் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று சென்னையில் அஞ்சி அஞ்சி வாழ்கிறது. தெருவே இவ்வளவு சீக்கிரம் நல்லதாகிவிடுவது என் மனத்தில் ஒட்டவில்லை. ஆனால் அந்த அச்சம் உண்மை. ஊர் போய்ச் சேர்ந்த புதிதில், சித்தி கடைத்தெருவில் வாயைத் திறக்கவே கூசுவாராம். பேச்சில் ஒரு பர்மியச் சொல் தவறி விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்களாம்.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லை. ஆட்டோவின் இரைச்சலும் கதாநாயகி மீனாவின் மௌனமும் போதும் என்று இயக்குநர் வினோத்ராஜ் நம்பியிருக்கிறார். போதுமாகத்தான் இருந்தது.

இவற்றுக்கிடையே, 1952-இல் வந்த 'பராசக்தி'யையும் மறுபடி பார்த்தேன். ஊரே கொண்டாடும் வசனங்களுக்காக அல்ல, ரங்கூனுக்காக. தங்கையின் கல்யாணத்துக்குப் போக மூன்று அண்ணன்மாரும் தவிக்கிறார்கள். போர்க்காலம், கப்பலில் ஒருவருக்குத்தான் டிக்கெட் கிடைக்கிறது. இளையவன் போகிறான். பின்னர் புறப்பட்ட மூத்தவர்களில் ஒருவன் வழியில் குண்டுவீச்சில் காலை இழக்கிறான். அந்தப் பயணத்தைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு அரக்கான் மலைவழியே நடந்தவர்களைப் பற்றி எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது ஆறாத குறை. கைக்குழந்தையை மாற்றி மாற்றிச் சுமந்தவர்கள், வழியிலேயே விட்டுவந்தவர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அந்த நடையை மட்டுமே யாராவது ஒரு முழுத் தமிழ்ப்படமாக எடுக்கவேண்டும். எத்தனை மணி நேரம் ஓடினாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

மகனிடம் உங்கள் குடும்பத்தில் கப்பலேறியவர்களைப் பற்றி முதலில் சொல்லுங்கள். பிறகு, மின்சாரம் நிற்காத ஓர் இரவாகப் பார்த்து, 'மெய்யழகன்' படத்தை மறுபடி போடுங்கள்.