சிறிய ஊரில் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம் தொடங்க நினைக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேட்டவர் ஒரு பழைய கட்டடம் கிடைத்திருப்பதாகவும், நாலைந்து பேர் ஆர்வமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். பதினோரு வருடமாக இப்படி ஒரு சிறிய அருங்காட்சியகத்தைக் கவனித்துவருகிறேன். என் பதில்: பதிவேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒருநாள் வயதான அம்மா ஒருவர் தையல் கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது. இரும்பு கறுத்துப்போய், பிடியின் ஒரு வளையத்தில் மட்டும் துணி சுற்றியிருந்தது. வியர்வையும் எண்ணெயும் ஊறி அந்தத் துணி தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. இது எதற்கு என்று கேட்டேன். “அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். கத்தரிக்கோலோ வலது கைக்காரர்களுக்குச் செய்தது. வளையம் கட்டைவிரலை அறுக்கும். அதனால் தேயத் தேயப் புதுத் துணி சுற்றுவார். துணியைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை” என்றார். ஓரத்தில் நீலக் கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “இது என் பள்ளிக்கூடச் சட்டை” என்றார்.

அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவ்வளவையும் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட்டிருந்தால் எங்களிடம் இருந்திருப்பது, அழுக்குத் துணி சுற்றிய ஒரு பழைய கத்தரிக்கோல். நல்ல எண்ணத்தோடு யாராவது துணியைப் பிரித்து எறிந்துவிட்டு இரும்பைப் பளபளவென்று தேய்த்தும் வைத்திருப்பார்கள்.

பதிவேடு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். 2021.7.3 என்றால் 2021-இல் வந்த ஏழாவது நன்கொடையில் மூன்றாவது பொருள். யார் கொடுத்தார், அவருக்கு எப்படிக் கிடைத்தது, என்ன சொன்னார், வந்தபோது எந்த நிலையில் இருந்தது, இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது, இவ்வளவுதான். பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். கொடுப்பவரிடம் நன்கொடைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கத் தயங்காதீர்கள். “இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்” என்று வாய்வார்த்தையில் வைத்துவிட்டுப் போகும் பொருளால்தான் பின்னால் அவருடைய பிள்ளைகளோடு மனத்தாங்கல் வரும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

எண்ணைப் பொருளின் மேலேயே எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உலோகம், பீங்கான் போன்றவற்றில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எழுத வேண்டும். தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம், பொருளுக்கு ஒன்றும் ஆகாது. தாளுக்குப் பின்புறம் மென்மையான பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். பளபளப்பான புகைப்படத் தாளில் பென்சில் ஏறாது. உறையில் எண்ணை எழுதிவிட்டு, அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள்.

சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022-இல் பிராக் நகரில் அருங்காட்சியகத்துக்குப் புதிய வரையறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஆராய்வது, சேகரிப்பது, பாதுகாப்பது, விளக்குவது, காட்சிக்கு வைப்பது என்று அதில் வரிசை போகிறது. காட்சி கடைசியில் வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிறிய ஊர்களில் அதைத்தான் முதலில் செய்யத் துடிக்கிறோம். திறப்பு விழாவுக்காகப் பழைய கடிதங்களை ஜன்னலோரம் மாட்டிவிடுகிறோம். தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பார்கள். அது கிட்டத்தட்ட மங்கலான அறைதான். வெயிலில் வெளுத்த மை திரும்ப வராது, இருட்டில் எத்தனை நாள் வைத்தாலும் சரி. காட்சிக்கு நகலை வையுங்கள், அசல் பெட்டியில் இருக்கட்டும்.

பூச்சிக்கு மருந்தடிக்கும் முன் உறைபெட்டியை, அதாவது ஃப்ரீசரை, நினைத்துக்கொள்ளுங்கள். அரித்த துணியை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி முட்டையோடு செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஈரம் பையின் வெளியே படியட்டும்.

பணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், நான் விட்டுவிடுகிறேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எதை வாங்குவோம், எதை வாங்கமாட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், நாலாவது தையல் இயந்திரம் வரும்போது அந்தத் தாளைக் காட்டி மரியாதையாக மறுக்கலாம். இடம் நிறைந்த பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் நான் ஆரம்பத்திலேயே செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடம் ஒரு பெரியவர் நாற்பது புகைப்படங்கள் கொண்டுவந்தார். திருமணம், தொழிற்சாலை வாசல், ஆற்றங்கரை, பள்ளி ஆண்டு நிறைவு. எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவரும் சரி என்றார். அந்த அடுத்த வாரம் மூன்று மாதம் ஆனது, அதற்குள் அவர் இறந்துவிட்டார். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் படங்களின் நகல்களை வாசலுக்குப் பக்கத்து மேசையில் பரப்பி வைக்கிறேன், ஒரு பென்சிலோடு. வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். போன மாதம் ஒரு அம்மா தொழிற்சாலை வாசலில் நிற்கும் இரண்டாவது வரிசைப் பையன்மேல் விரலை வைத்து, வெகுநேரம் எடுக்கவே இல்லை. “எங்க அண்ணன்” என்றார். ஒன்பது படங்களில் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. முப்பத்தொன்று பாக்கி.