எச்சில் விழுங்கினாலே தொண்டை வலிக்கிறது. காரணம் என்ன, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

இதற்குள் மெடிக்கலில் போய் நாலு மாத்திரை வாங்கிப் போட்டிருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் வீடு, காசிமேட்டு மீன் தின்று வளர்ந்த தொண்டை, அவ்வளவுதான் தகுதி.

சளி, இருமலோடு வரும் வலி பெரும்பாலும் வைரஸ். ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், அரை ஸ்பூன் உப்பு, கொப்பளித்தால் இதமாக இருக்கும். இருமலே இல்லாமல் காய்ச்சல், கழுத்தில் நெறி, டான்சிலில் வெள்ளைப் படலம் என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம்; ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் ஒழுகுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்கு இது எதுவுமே இல்லை. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. வலது பக்கம் மட்டும், விழுங்கும்போதெல்லாம் ஊசியால் ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி. மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட்டேன். வயிறுதான் கெட்டது.

முந்தைய ஞாயிறு மத்திக் குழம்பு. தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரத்தை விலைகூடக் கேட்க முடியாது. அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ வரும் ஐஸ் மீனை "இப்பதான் கரைக்கு வந்துச்சு" என்று சத்தியம் பண்ணி விற்பார்கள் பாருங்கள், அதைக் கேட்க ஆளே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முள் சிக்கியிருக்குமோ என்று எனக்கே தோன்றியது. வெளியே சொல்லத்தான் வெட்கம். சொன்னதும் மாமியார் சிரித்துவிட்டு, வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். அதைச் செய்யவே கூடாதாம், முள் இன்னும் ஆழமாக இறங்குமாம், இ.என்.டி. டாக்டர் திட்டினார். எக்ஸ்ரே எடுக்கட்டுமா என்று கேட்டேன். சின்ன மீன் முள் அதில் தெரியாமலும் போகும் என்று சொல்லிவிட்டு, நாக்கை அழுத்தி, லைட் அடித்து, இடுக்கியால் டான்சிலிலிருந்து உருவினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மீன் தின்றால் இப்படித்தான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள். எல்லாத் தொண்டை வலியும் முள் என்றும் நான் சொல்லவில்லை. வலி ஒரே பக்கம், ஒரே புள்ளியில் என்றால் கடைசியாக என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துவிட்டு, அப்புறம் மாத்திரைக்குப் போங்கள்.

முள்ளைப் பஞ்சில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர் மத்தியே இல்லடி இது, ஐஸ் மீனு."